இலவசமாகப் பகிர்ந்த எழுத்து அட்டைகளை அச்சடித்து விற்கிறார்கள், என்ன செய்யலாம்?

மான்குட்டி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை டவுனில் இருந்து எழுதுகிறேன். முன்பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தமிழ் எழுத்து அட்டைகள் வரைந்து, பிடிஎஃப் ஆக்கி, பேஸ்புக்கிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் இலவசமாகப் போட்டு வருகிறேன். இங்கேயும் சிலர் பார்த்திருப்பீர்கள். கடையில் விற்கிற அட்டைகளில் ஒ என்றால் ஒட்டகம், ப என்றால் பனிக்கரடி. எங்கள் பிள்ளைகள் இரண்டையும் கண்ணால் கண்டதில்லை. அதனால் ஆ-வுக்கு ஆமை, இ-க்கு இறால், உ-வுக்கு நிலாவெளி உப்பளம், ஓ-வுக்கு ஓடம், க-வுக்குக் கணவாய், தி-க்குத் திருக்கை, பு-வுக்குப் புறாமலைப் புறா, மா-வுக்குக் கோட்டைக்குள் திரிகிற மான் என்று ஊரில் இருப்பதையே வரைந்தேன். எழுத்தை எங்கே தொடங்கி எந்தப் பக்கம் வளைக்க வேண்டும் என்று காட்ட ஒவ்வொன்றிலும் சின்ன அம்புக்குறிகளும் போட்டிருக்கிறேன். அதிக நேரம் பிடித்தது அந்த வேலைதான், ‘இ’ ஒன்றுக்கே ஆசிரியைகள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள், கடைசியில் எல்லோரையும் ஒரு வட்ஸ்அப் அழைப்பில் சேர்த்துக் கதைத்துத்தான் முடிவு எடுத்தோம்.

இப்போது பிரச்சினை. போன மாதம் ஒரு புத்தகக் கடையில் லமினேட் செய்த எழுத்து அட்டைத் தொகுதி ஒன்று தொங்கியது. விலை 650 ரூபாய். எடுத்துப் பார்த்தால் முழுவதும் என் படங்கள். கீழே என் பெயர் இருந்த இடத்தை வெள்ளையாக்கி அந்த இடத்தில் ஒரு வெளியீட்டாளரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் போட்டிருக்கிறார்கள். நான் வரைந்த மானுக்கு இடது காதில் ஒரு கிழிசல் இருக்கும், கோட்டை வாசலில் நிற்கிற ஒரு மானைப் பார்த்து வரைந்தது அது, அந்தக் கிழிசலும் அப்படியே இருக்கிறது. அட்டையைத் தங்கள் அளவுக்கு வெட்டியதில் திருக்கையின் வால் பாதியில் போய்விட்டது. வால் இல்லாத திருக்கையைப் பார்க்கிற எங்கள் கடற்கரைப் பிள்ளை என்ன நினைக்கும்?

அந்த இலக்கத்துக்கு எடுத்துக் கதைத்தேன். “நெட்டில் சும்மா கிடந்ததுதானே, நீங்களே இலவசம், எல்லோருடனும் பகிருங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எனக்குக் காசு வேண்டாம். சம்பூரிலும் வெருகலிலும் குச்சவெளியிலும் இருக்கிற ஆசிரியைகளும் தாய்மாரும் எப்போதும்போல இறக்கி அச்சடிக்க வேண்டும், அதில் ஒரு தடையும் வரக்கூடாது. ஆனால் அவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கிற ஒன்றை அவர்களிடமே 650 ரூபாய்க்கு விற்பதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வீட்டில் இனிப் பகிர வேண்டாம் என்கிறார்கள். நண்பர்கள் படத்துக்குக் குறுக்கே பெயரை அடி, கடவுச்சொல் போடு என்கிறார்கள். ஆசிரியைகளுக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே வியாபாரத்துக்கு மட்டும் மூட வழி உண்டா? ஏற்கெனவே விற்றுக்கொண்டிருக்கிற இவரை என்ன செய்வது?


உவர்மலைவாசி எழுதியது:

தங்கச்சி, நான் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் நீண்ட காலம் வேலை செய்கிறேன், சட்டத்தரணி இல்லை. ஆனாலும் இந்த மாதிரிக் கோவைகள் கையால் போயிருக்கின்றன, தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த “சும்மா கிடந்தது” என்ற கதையை விடுங்கள். இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. அதன்படி படத்தை வரைந்த உடனேயே உரிமை வரைந்தவருக்கு. பதியத் தேவையில்லை, பதிப்புரிமை உடையது என்று எழுதத் தேவையில்லை. கொழும்பில் இருக்கிற தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வர்த்தகக் குறிகளுக்கும் கண்டுபிடிப்புகளுக்கும் பதிவு உண்டு, பதிப்புரிமைக்கு அப்படி ஒரு பதிவே கிடையாது. அந்த உரிமை உங்கள் ஆயுட்காலம் முழுவதும், அதன் பிறகு 70 ஆண்டுகளும் நிற்கும். விலை வைக்காமல் கொடுத்தீர்கள் என்பதற்காக உரிமையைக் கைவிட்டீர்கள் என்று ஆகாது. “பகிருங்கள்” என்று எழுதியது பகிர்வதற்குக் கொடுத்த அனுமதி, விற்க அல்ல. அவர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடுவார் என்பது வேறு விஷயம்.

இதில் இரண்டு உரிமை இருக்கிறது, பலர் ஒன்றைத்தான் பார்க்கிறார்கள். பிரதி எடுக்க, விற்க, மாற்றியமைக்க உள்ள உரிமை பொருளாதார உரிமை. ஆக்கியவர் நான் என்று பெயர் போடச் சொல்வதும், என் படைப்பைச் சிதைக்காதே என்று தடுப்பதும் ஒழுக்க உரிமை. பொருளாதார உரிமையை நீங்கள் முழுவதுமாக வேறொருவருக்கு விற்றிருந்தாலும் ஒழுக்க உரிமை உங்களிடம்தான் இருக்கும். இவர் பெயரை அழித்திருக்கிறார், எனவே “இலவசம் என்றுதானே போட்டீர்கள்” என்ற பதில் பெயர் அழித்ததற்குப் பதிலே இல்லை. கடிதத்தில் அதை முதலில் எழுதுங்கள்.

செய்ய வேண்டியது: கடைக்குப் போய் ஒரு தொகுதி வாங்குங்கள், கடைப் பெயரும் திகதியும் உள்ள பில்லோடு. நீங்கள் வரைந்த மூலக் கோப்பு, அதாவது அடுக்கு அடுக்காக இருக்கிற அந்தக் கோப்பு, கைவசம் இருக்கும்தானே, அதையும் பேஸ்புக்கில் முதலில் போட்ட பதிவின் திகதியையும் பத்திரப்படுத்துங்கள். கிழிந்த காது மானையும் வால் போன திருக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தாளில் அச்சடித்துக் கடிதத்துடன் இணையுங்கள். கடிதம் பதிவுத் தபாலில் போகட்டும். விற்பனையை நிறுத்து, எத்தனை அடித்தாய், எத்தனை விற்றாய், எங்கே கொடுத்தாய் என்று எழுத்தில் தா, மிச்சத்தை என்ன செய்வது என்பதை நான் சொல்கிறேன், இவ்வளவும் போதும். அதற்கு முன்பு பேஸ்புக்கில் அவர் பெயரையும் இலக்கத்தையும் போட்டுத் திட்ட வேண்டாம். கதை திசைமாறி, நீங்கள் அவதூறு செய்ததாக அவர் கிளம்புவார்.

கடிதத்துக்கு மசியாவிட்டால் புலமைச் சொத்து அலுவலகத்தின் பணிப்பாளர் நாயகத்திடம் விண்ணப்பம் போடலாம், அவர் விசாரித்து முடிவு சொல்ல சட்டத்தில் இடம் இருக்கிறது. சின்ன ஆட்களுக்கு அது வழக்கை விட இலேசு. வழக்கு என்றால் கொழும்பில் வர்த்தக மேல் நீதிமன்றம், இங்கிருந்து தவணைக்குத் தவணை ஏறி இறங்க வேண்டும். ஏற்பட்ட நட்டத்தைக் கணக்குக் காட்டி நிரூபிக்க முடியாதவர்களுக்கு 50,000 ரூபாயில் இருந்து 10 இலட்சம் வரை நீதிமன்றமே தீர்மானித்துக் கொடுக்கிற ஒரு வழியும் சட்டத்தில் உண்டு. உங்களைப் போல இலவசமாகக் கொடுத்தவருக்கு அது முக்கியம், ஏனென்றால் உங்களுக்கு எவ்வளவு நட்டம் என்று கேட்டால் ரூபாயில் சொல்ல எதுவும் இல்லை. தெரிந்தே மீறினார் என்றால் அது குற்றமும்தான், நீதவான் நீதிமன்றத்தில் 5 இலட்சம் ரூபாய் வரை தண்டம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கடிதத்தில் இதை ஒரு வரியில் எழுதினாலே அனேகம் பேர் இறங்கி வருவார்கள்.


மூதூர் ரீச்சர் எழுதியது:

பிள்ளை, உங்கள் அட்டைகளை நாங்கள் பாவிக்கிறோம். கணவாய் அட்டையைக் காட்டியதும் என் வகுப்பில் எல்லாப் பிள்ளையும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கிவிடும், அப்பா பிடித்தது, மாமா பிடித்தது என்று. தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.

எனக்கு ஒரு பயம் இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும். எங்களில் யாரிடமும் கலர் பிரிண்டர் இல்லை. போட்டோ கொப்பிக் கடையில்தான் அடிக்கிறோம், தாளுக்கு இவ்வளவு என்று அவர் காசு எடுப்பார், பெற்றோர் சேர்ந்து கொடுப்பார்கள். நீங்கள் “வியாபார நோக்கத்துக்குத் தடை, மீறினால் சட்ட நடவடிக்கை” என்று பெரிதாகப் போட்டால் அந்தக் கடைப் பொடியன் அடிக்க மாட்டான். போன வருடம் வேறொரு புத்தகத்தில் பின்மட்டையில் இருந்த எச்சரிக்கையைக் காட்டி எனக்கு மறுத்தே விட்டான், பிழை அவனிலும் இல்லை. அப்போது உங்கள் தடை விற்கிறவனை விட்டுவிட்டு என் வகுப்பைத்தான் தடுக்கும். போட்டோ கொப்பி எடுக்கிற காசு வியாபாரமா, இல்லையா என்பதை நீங்களே தெளிவாகத் தமிழில் எழுதிவிடுங்கள்.

படத்துக்குக் குறுக்கே பெயர் அடிக்கிற யோசனை வேண்டவே வேண்டாம். கறுப்பு வெள்ளையில் அடிக்கும்போது ஏற்கெனவே மான் ஒரு கறுப்புத் திட்டாக வருகிறது, அதற்கு மேல் எழுத்தும் ஓடினால் பிள்ளைக்கு ஒன்றுமே தெரியாது. முடிந்தால் கோட்டுப் படமாக மட்டும் ஒரு பதிப்புப் போடுங்கள், மை குறையும், பிள்ளைகள் நிறமும் தீட்டலாம்.


கட்டற்ற தமிழ் எழுதியது:

நான் தமிழ் விக்கிப்பீடியாவில் படங்கள் ஏற்றுகிறவன், உரிமம் பற்றிக் கொஞ்சம் படித்திருக்கிறேன். ரீச்சர் கேட்டது நல்ல கேள்வி, அதற்கு நீதிமன்றத்திலேயே பதில் வந்திருக்கிறது, அமெரிக்காவில் என்றாலும்.

முதலில் உரிமம். கிரியேட்டிவ் காமன்ஸ் என்று ஒன்று இருக்கிறது, தன் படைப்பை மற்றவர்கள் எப்படிப் பாவிக்கலாம் என்று ஆக்கியவர் முன்கூட்டியே அனுமதி கொடுக்கிற ஆயத்த உரிமங்கள் அவை, முதல் உரிமங்கள் 2002 டிசம்பரில் வந்தன, இப்போது நடப்பில் இருப்பது 2013 இல் வந்த 4.0 பதிப்பு. அதில் நான்கு நிபந்தனைகளைச் சேர்த்தும் விட்டும் ஆறு உரிமங்கள் செய்திருக்கிறார்கள். பை என்றால் ஆக்கியவர் பெயரைப் போட வேண்டும். என்சி என்றால் வியாபாரத்துக்குப் பாவிக்கக்கூடாது. என்டி என்றால் மாற்றிய வடிவத்தைப் பரப்பக்கூடாது. எஸ்ஏ என்றால் மாற்றலாம், ஆனால் மாற்றியதையும் இதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். மான்குட்டி கேட்பது பை-என்சி-எஸ்ஏ. என்டி போட வேண்டாம் என்பது என் கருத்து, போட்டால் ஒரு ஆசிரியை உங்கள் இறாலை எடுத்துத் தன் ஊர்ச் சொல்லோடு வேறு அட்டை செய்து அடுத்த பள்ளிக்குக் கொடுக்க முடியாது. ஒன்றை நன்றாக யோசித்துவிட்டுச் செய்யுங்கள்: இந்த உரிமத்தைக் கொடுத்த பிறகு, நிபந்தனைப்படி நடக்கிறவரிடம் இருந்து திரும்பப் பெற முடியாது. ஆனால் உரிமையாளர் நீங்கள்தான் என்பதால், யாராவது முறையாகக் கேட்டு வந்தால் அவருக்குத் தனியாக விற்பனை அனுமதி கொடுக்கலாம், அதற்குத் தடை இல்லை.

என்சி உரிமத்தில் வியாபாரம் என்பதைச் செய்கிறவர் கடைக்காரரா, ஆசிரியரா என்று ஆளைப் பார்த்து வரையறுக்கவில்லை, அந்தப் பாவனையின் முதன்மையான நோக்கம் வணிக இலாபமோ பணமோ என்றுதான் பார்க்கிறார்கள். கிரேட் மைண்ட்ஸ் என்ற நிறுவனம் தன் கணிதப் பாடங்களை இதே பை-என்சி-எஸ்ஏ உரிமத்தில் விட்டிருந்தது. பள்ளிகள் அதை ஃபெடெக்ஸ் கடைகளில் காசு கொடுத்துப் பிரதி எடுத்தன. கடை காசு வாங்கியது உரிம மீறல் என்று நிறுவனம் வழக்குப் போட்டது. 2018 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, பாவிக்கிறது பள்ளி, கடை அதன் சொல்லுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கிறது அவ்வளவுதான் என்றது. அடுத்த வருடம் ஆபிஸ் டிப்போ மீது இருந்த இதே மாதிரி வழக்கிலும் அதே முடிவு. இங்கே அது கட்டுப்படுத்தாது, ஆனால் நியாயம் புரிகிறதுதானே. அந்த விளக்கத்தை மான்குட்டி தன் வாயாலேயே எழுதிவிட்டால் கடைப் பொடியனுக்குப் பயம் இருக்காது. உரிமத்தில் இல்லாத கூடுதல் தடையைச் சேர்த்தால்தான் சிக்கல், கூடுதல் அனுமதி எவ்வளவும் கொடுக்கலாம்.

இனி நான் மாறுபடுகிற இடம். என்சி வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள். விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்து வைக்கிற விக்கிமீடியா பொதுவகத்தில் என்சி படங்களை ஏற்கமாட்டார்கள், அதனால் விக்கிப்பீடியாக் கட்டுரைகளுக்கு உங்கள் புறா வராது. இந்தியாவில் பிரதம் புக்ஸ் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ச் சிறுவர் கதைகள் நிறைய இருக்கின்றன, பெரும்பாலும் பை உரிமத்தில், யாரும் அச்சடித்து விற்கக்கூட முடியும். அவர்கள் தெரிந்துதான் அப்படி விட்டிருக்கிறார்கள். பெயரும் உரிமத்தின் இணைப்பும் கட்டாயம் என்பதால், வாங்குகிறவர் இது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது என்று அட்டையிலேயே அறிந்துகொள்வார். உங்கள் விடயத்தில் உண்மையான கேடு அவர் விற்றது அல்ல, இலவசமாகக் கிடைக்கும் என்ற தகவலை அழித்துவிட்டு விற்றதுதான் என்று எனக்குப் படுகிறது. வெருகலில் ஒரு சின்னக் கடைக்காரர் 20 தொகுதி அடித்து, லமினேட் செலவோடு ஐம்பது ரூபாய் வைத்துக் கொடுத்தால் அது பிள்ளைகளுக்கு நல்லதுதானே? என்சி அவரையும் தடுக்கிறது.


மான்குட்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உவர்மலை அண்ணா, இன்றைக்கே போய் ஒரு தொகுதி வாங்குகிறேன். ரீச்சர், கோட்டுப் படப் பதிப்பு கட்டாயம் செய்கிறேன்.

கட்டற்ற தமிழ், நீங்கள் சொன்னதில் பாதி சரி, பெயரை அழித்ததுதான் பெரிய அநியாயம். ஆனால் மற்றப் பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. இணைப்பு அச்சடித்திருந்தால் வாங்குகிறவர் பார்ப்பார் என்கிறீர்கள். இந்த அட்டையை வாங்குகிற தாய் கடையில் நின்று சின்ன எழுத்தில் இருக்கிற இணைப்பை வாசித்து, போனில் தட்டிப் பார்த்துவிட்டா வாங்குவார்? பிள்ளை பள்ளிக்குப் போகப் போகிறது, கையில் இருக்கிற காசைக் கொடுத்துவிட்டுப் போவார். அந்த ஆசிரியைகள் எல்லோரும் தங்கள் நேரத்தைச் சும்மா தந்தது இன்னொருவர் இலாபம் எடுக்க அல்ல, அவர்களிடம் கேட்காமல் நான் அதைத் தாரைவார்க்க முடியாது. வெருகல் கடைக்காரர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும், நான் மறுக்க மாட்டேன். கேட்க வேண்டும் என்பதுதான் என் நிபந்தனை. புறாவையும் மானையும் மட்டும் தனிப் படமாகப் பை-எஸ்ஏ இல் பொதுவகத்துக்குத் தருகிறேன், எழுத்தும் அம்புக்குறியும் சேர்ந்த அட்டைகள் பை-என்சி-எஸ்ஏ.


நிலாவெளி கமரா எழுதியது:

எனக்கு இது பழகிப்போன வயிற்றெரிச்சல். திமிங்கிலம், டொல்பின் படங்கள் எடுக்கிறேன், கோணேசர் கோயிலைக் கடலில் இருந்து எடுத்த படங்களும் உண்டு. ஒரு விடுதி என் படத்தைத் தங்கள் விளம்பரப் பலகையில் ஆள் உயரத்துக்குப் போட்டிருந்தது, கேட்டால் கூகுளில் இருந்து எடுத்தோம் என்றார்கள். சண்டை போடாமல், வழக்கமாக நான் எடுக்கிற கட்டணத்துக்கு ஒரு பில் எழுதி, மூலக் கோப்பின் சிறு பிரதியோடு முகாமையாளருக்கு அனுப்பினேன். பேரம் பேசிப் பாதிக்கு மேல் தந்தார்கள். நிறுவனங்களுக்குப் பில் புரிகிற மொழி, கோபம் புரியாது. ஆனால் நீங்கள் காசு கேட்கவில்லை, ஆகவே உவர்மலை அண்ணா சொன்ன கடிதம்தான் உங்களுக்குப் பொருத்தம்.

உரிமம் தேர்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. 2014 இல் ஃபிளிக்கர் தளம், வியாபாரத்துக்கு அனுமதிக்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் படங்களை எடுத்துச் சுவரில் மாட்டுகிற அச்சுப் படங்களாக விற்கத் தொடங்கியது, எடுத்தவருக்கு ஒரு சதமும் இல்லை. உரிமப்படி அது பிழையே இல்லை! போட்டோக்காரர்கள் கொதித்து எழுந்த பிறகு அந்த ஆண்டு முடிவதற்குள் நிறுத்திவிட்டார்கள். பை உரிமம் கொடுத்த பலர் தங்கள் படத்தை ஒரு மாணவன் பாவிப்பான், ஒரு வலைப்பதிவர் பாவிப்பான் என்றுதான் நினைத்திருந்தார்கள், பெரிய கொம்பனி வரும் என்று நினைக்கவில்லை. ஆகவே என்சி போடுகிற மான்குட்டியின் பக்கம்தான் நான்.

அடுத்தது யூடியூப். எழுத்து எழுதிக் காட்டுகிற வீடியோ ஏதும் போடப் போகிறீர்கள் என்றால் கவனம். அங்கே உரிமம் என்ற இடத்தில் இரண்டுதான் இருக்கும், ஒன்று வழமையான யூடியூப் உரிமம், மற்றது கிரியேட்டிவ் காமன்ஸ். அந்தக் கிரியேட்டிவ் காமன்ஸ் வெறும் பை, என்சி அங்கே இல்லை. நல்ல மனதோடு அதைத் தட்டினால் விற்கவும் அனுமதி கொடுத்ததாகிவிடும். வழமையான உரிமத்திலேயே விட்டுவிட்டு, ஆசிரியர்களுக்கான அனுமதியைக் கீழே விவரணத்தில் எழுதுங்கள்.

படத்துக்குள் பெயரை எங்கே போடுவது என்று யோசித்தேன். ஓரத்தில் போட்டால் வெட்டுவான், குறுக்கே போட்டால் ரீச்சர் சொன்னதுபோலப் பிள்ளைக்கு இடைஞ்சல். படத்தின் உள்ளேயே வரைந்துவிடுங்கள். ஓடத்தின் பக்கத்தில் பதிவு இலக்கம் எழுதியிருக்கும்தானே, அந்த இடத்தில் உங்கள் பெயர். உப்பளத்தில் உப்பு மூட்டையில் பெயர். மானின் காலடியில் புல்லோடு புல்லாக. அதை எடுக்க வேண்டும் என்றால் படத்தையே திரும்ப வரைய வேண்டும், அவ்வளவு பாடுபட இந்த மாதிரி ஆட்கள் தயாரில்லை. கோப்பின் உள்ளே இருக்கிற தகவலிலும் பெயரையும் உரிமத்தையும் எழுதலாம், ஆனால் வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது போய்விடும், ஆவணமாக அனுப்புங்கள், அளவும் கெடாது.

யார் பேஸ்புக்கில் உங்கள் அட்டையை விளம்பரம் செய்தாலும் பேஸ்புக்கின் பதிப்புரிமை முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்புங்கள். உங்கள் மூலப் பதிவின் இணைப்பு கேட்பார்கள், அதனால் பழைய பதிவை அழித்துவிட வேண்டாம். முறைப்பாடு போட முன்பே அவர்களின் விளம்பரத்தைத் திகதி தெரியும்படி படம் பிடித்து வையுங்கள், நீக்கப்பட்ட பிறகு உங்களிடம் ஆதாரம் இருக்காது. அப்பப்போ கூகுள் லென்ஸில் உங்கள் மானைப் போட்டுத் தேடுங்கள், இன்னும் எங்கெங்கே ஓடுகிறது என்று தெரியவரும்.


கரைவலை எழுதியது:

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். எங்கள் பக்கம் கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்து இலவசமாகப் போட்டிருக்கிறேன். பாட்டு என்னுடையது இல்லை, பரம்பரையாக வருவது. இதை யாராவது விளம்பரத்துக்கு எடுத்தால் நான் கேட்கலாமா?


உவர்மலைவாசி எழுதியது:

பாட்டுக்கு நீங்கள் உரிமையாளர் இல்லை, தம்பி, ஆனால் நீங்கள் செய்த ஒலிப்பதிவுக்கு உரிமை உங்களுக்கு உண்டு, பாடியவர்களுக்கும் தங்கள் பாடலை வெளியிடுவதில் தனி உரிமை உண்டு. ஆகவே பாடியவர்களிடம் எழுத்தில் ஒரு சம்மதம் வாங்கி வையுங்கள், கைரேகை என்றாலும் சரி. அது போக, அதே 2003 சட்டத்தில் நாட்டார் வழக்காற்று வெளிப்பாடுகளுக்குத் தனியாகப் பாதுகாப்பு இருக்கிறது, மரபுச் சூழலுக்கு வெளியே வணிகத்துக்குப் பாவிக்க அமைச்சர் நியமிக்கிற அதிகாரியின் அனுமதி வேண்டும் என்று. அம்பாப் பாட்டு அதற்குள் வரும். இதைப் பற்றித் தனியாக ஒரு பதிவு போடுங்கள், விரிவாகக் கதைக்க வேண்டிய விஷயம்.


மான்குட்டி எழுதியது:

தொகுதி வாங்கிவிட்டேன், பில்லும் இருக்கிறது. கடைக்காரர் நல்ல மனிதர், யார் கொண்டுவந்து போட்டது என்று தயங்காமல் சொன்னார், இனி எடுக்க மாட்டேன் என்றும் சொன்னார். கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அட்டையில் போட நினைக்கிற வாசகம் இது, திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

“இந்த அட்டைகளை வரைந்தவருக்கே இவற்றின் உரிமை. வீட்டிலும் முன்பள்ளியிலும் வகுப்பிலும் எத்தனை பிரதியும் எடுக்கலாம், மாற்றியும் பாவிக்கலாம், வரைந்தவர் பெயரை நீக்காமல், இதே நிபந்தனையோடு மற்றவர்களுக்கும் கொடுக்கலாம். ஆசிரியரோ பெற்றோரோ கேட்டால் போட்டோ கொப்பிக் கடையில் வழமையான கூலிக்கு அச்சடித்துக் கொடுக்கலாம். அச்சடித்து விற்பனைக்கு வைக்க விரும்புகிறவர்கள் முதலில் என்னிடம் எழுத்தில் அனுமதி பெற வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் பை-என்சி-எஸ்ஏ 4.0.”


மூதூர் ரீச்சர் எழுதியது:

இதை நான் அச்சடித்துக் கடைப் பொடியனிடமே கொடுத்துவிடுவேன். நன்றி பிள்ளை. “விற்பனைக்கு அல்ல” என்ற இரண்டு சொல்லை மட்டும் ஒவ்வொரு அட்டையின் கீழும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள், முகப்பில் மட்டும் வேண்டாம். எங்களிடம் முகப்புத் தாள் வருவதே இல்லை, இடையில் ஐந்தாறு தாள்கள்தான் வட்ஸ்அப்பில் கைமாறி வரும்.


உவர்மலைவாசி எழுதியது:

வாசகம் நன்றாக இருக்கிறது. உங்களைத் தொடர்புகொள்ள ஒரு மின்னஞ்சலைச் சேருங்கள், அனுமதி பெற வேண்டும் என்று சொன்னால் எங்கே பெறுவது என்றும் தெரிய வேண்டும். பதிப்பு வெளியிட்ட மாதமும் வருடமும் போடுங்கள், எது முதலில் வந்தது என்ற கேள்வி வரும்போது உதவும். கடிதத்தில் பதில் தர 14 நாள் தவணை கொடுங்கள், தபால் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். வாங்கிய தொகுதியின் உறையைப் பிரிக்க வேண்டாம். அந்தக் கடைப் பில்லை இன்றைக்கே போட்டோ கொப்பி எடுங்கள், அந்த மாதிரித் தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிப் போய்விடும்.